திம்பம் மலை ஏறும் பேட்டரி

தோட்டத்தில் போர்வெல் மோட்டாரை மேலே தூக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கீங்களா? நம்ம ஊரில் பாதிப் பேருக்கு அதைக் கழற்றத் தெரியும். மீதிப் பேருக்குக் கழற்றுகிறவரைத் தெரியும். நீளமான ஒரு உருளை. ஃபேன் கிடையாது, காற்றுத் துளை கிடையாது. உள்ளே தண்ணீரோ எண்ணெயோ நிரப்பிச் சீல் வைத்திருப்பார்கள். காயிலின் சூடு அந்தத் திரவம் வழியாக உருளையின் சுவருக்கு வரும். அங்கிருந்து வெளியே ஓடும் கிணற்றுத் தண்ணீருக்குப் போகும். மோட்டார் கீழேயும் பம்பு மேலேயும் இருப்பதால், பம்பு உறிஞ்சும் தண்ணீர் மோட்டாரை உரசிக்கொண்டுதான் மேலே போகும்.

ஆனால் சில போரில் ஊற்று பம்புக்கு மேலே இருக்கும். தண்ணீர் மேலிருந்து இறங்கி நேராகப் பம்புக்குள் போய்விடும், மோட்டார் பக்கமே வராது. மோட்டார் தண்ணிக்குள் முங்கித்தான் கிடக்கும், ஆனாலும் காயில் எரிஞ்சு போகும். அதனால்தான் அந்த மாதிரி இடத்தில் மோட்டாரைச் சுற்றி ஒரு குழாயை மாட்டி, தண்ணீரைக் கீழே போய்ச் சுற்றி வர வைக்கிறார்கள்.

பேட்டரி பேக் வடிவமைப்பிலும் இதே சிக்கல்தான். மழைத்தண்ணீர், தூசி எதுவும் உள்ளே போகக் கூடாது. உள்ளே பிறக்கும் சூடு மட்டும் வெளியே வர வேண்டும். அந்தச் சூடு செல்லில் தொடங்கி வெளிக்காற்று வரை எந்த வழியாகப் போகிறது என்று ஒரு படம் போட்டு, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை டிகிரி செலவாகிறது என்று எழுதிப் பார்ப்பதுதான் இந்தப் பாடம். முதல் வருஷ பிசிக்ஸும் ஒரு கால்குலேட்டரும் போதும்.

கார் பேக்கை விட்டுவிட்டு ஸ்கூட்டர் பேக்கை எடுத்துக்கலாம். 2008ல் ஆம்பியர் நிறுவனம் கோவையில்தான் தொடங்கியது. இன்று ஓசூரில் ஏத்தரும் டிவிஎஸ்ஸும், போச்சம்பள்ளியில் ஓலாவும் இருக்கின்றன. படிப்பு முடித்து இந்தத் துறைக்குப் போகிறவர் கைக்கு முதலில் வரப்போவது பெரும்பாலும் ஒரு ஸ்கூட்டர் பேக்காகத்தான் இருக்கும்.

மூணு மடங்கு பவர், ஒன்பது மடங்கு சூடு

கணக்குக்காக நாமே ஒரு பேக் கட்டுவோம். 21700 வகை செல்: 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் உயரம், சுமார் 70 கிராம் எடை. ஒரு செல் 3.6 வோல்ட், 5 ஆம்பியர்-மணி. 14 செல்களைத் தொடராகவும் 8 செல்களைப் பக்க இணைப்பாகவும் போட்டால் மொத்தம் 112 செல், 50.4 வோல்ட், 2 கிலோவாட்-மணி. உள் மின்தடையை 25 மில்லி ஓம் என்று வெச்சுக்கலாம். செல் பழசாக ஆக இது கூடும்.

இந்த ஸ்கூட்டரில் இரண்டு பேர் ஏறி, வண்டியோடு சேர்த்து 250 கிலோ என்று வையுங்க. சத்தியமங்கலம் தாண்டிப் பண்ணாரி வரை சமதளம். மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் டயர் உராய்வுக்கும் காற்றுத் தடைக்கும் சேர்த்து, மோட்டார் கன்ட்ரோலர் இழப்பையும் கணக்கில் எடுத்தால், பேட்டரி சுமார் 1.2 கிலோவாட் கொடுக்க வேண்டும். ஒரு செல்லுக்கு 3 ஆம்பியர். சூடு என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியது: 9 × 0.025 = 0.225 வாட். செல்லை உள்ளங்கையில் வைத்தால் இளஞ்சூடு கூடத் தெரியாது.

பண்ணாரி தாண்டினால் திம்பம் மலைப்பாதை, 27 கொண்டை ஊசி வளைவு. ஏற்றத்தைச் சராசரியாக 7 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு, அதே 40 கிலோமீட்டர் வேகத்தை விடாமல் போகிறோம் என்று வைப்போம். இப்போது தேவை 3.6 கிலோவாட். செல்லுக்கு 9 ஆம்பியர். 81 × 0.025 = சுமார் 2 வாட். பவர் மூணு மடங்குதான் கூடியது, சூடு ஒன்பது மடங்கு ஆகிவிட்டது. 112 செல்லுக்கும் சேர்த்து 227 வாட். ஒரு பெரிய சீலிங் ஃபேன் இழுக்கிறதைப் போல மூணு பங்கு மின்சாரம், மூடிய பெட்டிக்குள் வெறும் சூடாக மாறிக்கொண்டிருக்கிறது.

செல்லின் வெப்பக் கொள்ளளவு கிலோவுக்கு ஏறத்தாழ 1000 ஜூல். ஆக 70 கிராம் செல்லை ஒரு டிகிரி ஏற்ற 70 ஜூல் வேண்டும். 2 வாட்டும் செல்லுக்குள்ளேயே தங்கிவிட்டால் நிமிஷத்துக்குச் சுமார் 1.7 டிகிரி ஏறும். பத்து கிலோமீட்டர் ஏற்றம், கால் மணி நேரம்: 26 டிகிரி. அடிவாரத்தில் செல் 38 டிகிரியில் இருந்திருந்தால் உச்சியில் 64.

38 என்று நான் மிகைப்படுத்தவில்லை. கோடையில் கரூர் பரமத்தி, ஈரோடு இரண்டும் மாநிலத்தின் அதிக வெப்பப் பட்டியலில் அடிக்கடி வரும் பெயர்கள். 40 டிகிரி சாதாரணமாகத் தாண்டும். வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் பெட்டிக்குள் வெளிக்காற்றை விடச் சூடு அதிகம். கோயமுத்தூர்க்காரர்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி வடிவமைக்கக் கூடாது. வண்டி விற்பது கரூரிலும்தான்.

64 டிகிரியில் செல் உடனே வெடிக்காது. ஆனால் பெரும்பாலான செல் தயாரிப்பாளர்கள் எல்லை போடுவது 60 டிகிரியில். பத்து டிகிரிக்கு ஒருமுறை முதுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் ஒரு கைக்கணக்கு. இதை ஊரே பார்த்த ஒரு கதை உண்டு. அன்றைய நிசான் லீஃப் காரின் பேட்டரிக்குக் குளிர்விக்கும் திரவமோ ஃபேனோ இருக்கவில்லை, அடைத்த பெட்டிதான். 2012ல் அமெரிக்காவின் அரிசோனாவில், நம்ம மே மாதத்தையும் மிஞ்சும் வெயிலில் ஓடிய கார்கள் ஓரிரு வருஷத்திலேயே தூரம் குறைந்து போனதாக உரிமையாளர்கள் புகார் கிளப்பினார்கள். கார் பழுதாகவில்லை, தீப்பிடிக்கவில்லை. பேட்டரி சீக்கிரம் கிழடானது, அவ்வளவுதான்.

சூடு போகிற வழி

இப்போது படம் போடுவோம். நாலு கட்டம்: செல்லின் உட்பகுதி, செல்லுக்கும் பெட்டிக்கும் இடைவெளி, பெட்டிச் சுவர், வெளிக்காற்று.

முதல் கட்டத்தில் பலரும் தவறவிடும் விஷயம் ஒன்று. உருளைச் செல்லுக்குள் தாமிரத் தகடு, அலுமினியத் தகடு, பிளாஸ்டிக் பிரிப்பான் எல்லாம் பாய் மாதிரிச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். சுருட்டிய பாயின் நீளவாக்கில் சூடு உலோகத்திலேயே ஓடலாம். குறுக்கே போக வேண்டுமானால் ஒவ்வொரு பிளாஸ்டிக் படலத்தையும் தாண்ட வேண்டும். அதனால் நீளவாக்கில் வெப்பம் கடத்தும் திறன் மீட்டர்-டிகிரிக்கு 20 வாட்டுக்கு மேல், குறுக்கே ஒன்றை ஒட்டித்தான். செல்லின் அடிப்பாகத்தில் இருந்து சூட்டை எடுப்பது நல்ல வழி என்பதற்கு இது முதல் காரணம். வேறு இரண்டு காரணம் பின்னால் வரும்.

இரண்டாம் கட்டத்தில்தான் பெரும்பாலான பேக்குகள் தோற்கின்றன. செல்லின் அடிப்பரப்பு சுமார் 3.5 சதுர சென்டிமீட்டர். அதற்கும் அலுமினியத் தட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மில்லிமீட்டர் காற்று இருந்தால், 2 வாட் அதைத் தாண்ட 220 டிகிரிக்கு மேல் வித்தியாசம் தேவை. அதாவது அந்த வழியாகச் சூடு போகாது. அதே ஒரு மில்லிமீட்டரில், கடத்தும் திறன் 2 கொண்ட தெர்மல் பேடை வைத்தால் மூணு டிகிரியில் வேலை முடிகிறது. பிளாஸ்டிக் செல் ஹோல்டரில் செல்லைச் செருகி, நிக்கல் பட்டை வெல்டு போட்டு, பெட்டிக்குள் இறக்கி மூடிவிடும் மலிவு பேக்கைத் திறந்து பாருங்க. பெட்டி அலுமினியமாக இருக்கும், வெளியே அழகாகத் துடுப்புகள் இருக்கும், உள்ளே செல்லைச் சுற்றிக் காற்று நிற்கும். ஊற்று மேலே இருக்கிற போர்வெல் மாதிரி.

ஒரு எச்சரிக்கை. செல்லின் உலோக உறை முழுவதும் எதிர்முனை. தொடரில் உள்ள செல்களின் உறைகள் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருக்கும். பேட் கிழிந்து இரண்டு செல் ஒரே அலுமினியத் தட்டைத் தொட்டால் ஷார்ட். பேடை வாங்கும்போது வெப்பக் கடத்தலை மட்டும் பார்க்காமல் எத்தனை கிலோவோல்ட் தாங்கும் என்றும் பாருங்க. திருகாணித் துண்டோ உலோகப் பிசிறோ தட்டின்மேல் கிடந்தால் எந்த பேடும் தாங்காது.

மூன்றாம் கட்டம் சுலபம். மூணு மில்லிமீட்டர் அலுமினியம் சூட்டை நிறுத்தாது. தாண்டிப் போவோம்.

நான்காவது, பெட்டியிலிருந்து காற்றுக்கு. நம்ம 112 செல்லையும் ஒரே அடுக்கில் வைத்தால் பெட்டி ஏறத்தாழ 350 × 220 × 110 மில்லிமீட்டர். வெளிப்பரப்பு 0.28 சதுர மீட்டர். காற்று அசையாத இடத்தில், கதிர்வீச்சையும் சேர்த்து, சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 10 வாட் போகும் என்று எடுத்தால், 227 வாட்டை முழுக்க வெளியேற்றப் பெட்டி சுற்றுப்புறத்தை விட 80 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். நடக்காத காரியம். வண்டி ஓடும் காற்று பட்டால் அந்த 10 என்பது 25 ஆகிறது. வித்தியாசம் 32 டிகிரிக்கு இறங்குகிறது. துடுப்பு வைத்துப் பரப்பை இரட்டித்தால் 16. ஆக, சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கூண்டுக்குள் பேட்டரியை வைப்பதா, ஏத்தர் 450 போலக் கால் வைக்கும் பலகைக்கு அடியில் அலுமினியப் பெட்டியாக வைப்பதா என்ற முடிவு வெறும் இடவசதி விஷயமில்லை. கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போகும் வசதி வேண்டுமென்றால் சீட்டுக்கு அடியில்தான் வைக்க வேண்டியிருக்கும். அதற்கு விலை டிகிரியில்.

சேர்க்கவா, பிரிக்கவா

இதுவரை சொன்னதைக் கேட்டால், செல்களை எல்லாம் ஒன்றோடொன்று நல்ல கடத்தியால் ஒட்டிவிட்டால் சரி என்று தோன்றும். அங்கேதான் மாட்டுவோம்.

2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த ஒரு மின் ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்தது. புகையில் மூச்சுத் திணறி ஒரு அப்பாவும் அவருடைய மகளும் இறந்து போனார்கள். அதே வாரத்தில் புனேவிலும் ஒரு ஸ்கூட்டர் ரோட்டோரம் நின்றபடியே எரியும் வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. அந்த வருஷம்தான் மத்திய அரசு நிபுணர் குழு போட்டு, ஏஐஎஸ்-156 என்ற தரநிலையைத் திருத்தியது. திருத்தம் 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தது. பேக் ஐபிஎக்ஸ்7 தரத்தில் நீர் புகாமல் இருக்க வேண்டும், அழுத்தம் வெளியேற வழி வேண்டும், செல்களுக்கிடையே போதிய இடைவெளி வேண்டும், உள்ளே ஆபத்து தொடங்கினால் வண்டி ஒலியிலும் ஒளியிலும் எச்சரிக்க வேண்டும், ஒரு செல் போனாலும் பேக் தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் வடிவமைப்பாளருக்குக் கஷ்டமான பரீட்சை.

ஒரு செல் ஏன் போகிறது? உள்ளே ஷார்ட், தயாரிப்பில் சிக்கிய உலோகத் துகள், அடிபட்ட நசுங்கல், அதிக சார்ஜ் எதுவாகவும் இருக்கலாம். 80, 90 டிகிரிக்கு மேல் எதிர்முனையின் மேல் உள்ள பாதுகாப்புப் படலம் சிதையத் தொடங்கித் தானே சூட்டை வெளியிடும். 130 டிகிரி வாக்கில் பாலித்தீன் பிரிப்பான் உருகும். நிக்கல் வகைச் செல்லில் 200 டிகிரி வாக்கில் நேர்முனையிலிருந்து ஆக்சிஜன் வரும். அதன்பின் வெளிக்காற்று இல்லாமலே எரியும். எல்எஃப்பி வகை இந்த விஷயத்தில் சாது, ஆனால் அதன் வாயுவும் எரியக்கூடியதுதான்.

ஒரு செல்லில் உள்ள 18 வாட்-மணி என்பது சுமார் 65 கிலோஜூல். வேதிவினைச் சூடு இதற்கும் மேல் வரும்; இப்போதைக்கு இந்த 65ஐ மட்டும் எடுப்போம். அறுகோண அடுக்கில் அந்தச் செல்லைச் சுற்றி ஆறு செல். பக்கவாட்டில் நன்றாக ஒட்டியிருந்தால் அந்தச் சூடு முழுவதும் இந்த ஆறு பேருக்குப் போகும். 65,000ஐ 420ஆல் வகுத்தால் 154 டிகிரி ஏற்றம். 40 டிகிரியில் இருந்த செல் 190க்குப் போய்விடும். அந்த ஆறும் அடுத்த வரிசையைக் கொளுத்தும். அதே சூடு ஒரு அடித்தட்டில் பரவி 111 செல்லுக்கும் பங்கு பிரிந்தால்? ஆளுக்கு 8 டிகிரி.

நிஜத்தில் சூடு இத்தனை நியாயமாகப் பங்கு பிரியாது, நேரமும் குறைவு. ஆனாலும் விடை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கணக்கு காட்டிவிடுகிறது. பக்கவாட்டில் பிரிக்கணும், அடியில் சேர்க்கணும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் மைக்கா, ஏரோஜெல் தாள், குறைந்தபட்சம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளியோடு தீ தாங்கும் ஹோல்டர். அடியில் எல்லோருக்கும் பொதுவான அலுமினியத் தட்டு. அன்றாடச் சூடும் கீழே போகும், விபத்துச் சூடும் கீழே போகும்.

அடியிலிருந்து குளிர்விக்க இது இரண்டாவது காரணம். மூன்றாவது, செல்லின் வாயு வெளியேறும் திறப்பு நேர்முனை மூடியில், அதாவது தலையில் இருக்கிறது. சூடு அடி வழியே போனால் தலை காலியாக இருக்கும், வாயு போக இடம் கிடைக்கும். பேக் முழுக்க ரெசினை ஊற்றித் தலையையும் மூடிவிட்டால் குளிர்வும் கிடைக்கும், அதிர்வும் அடங்கும், ஆனால் வாயு பக்கவாட்டில் உறையைக் கிழித்துக்கொண்டு வரும். ஊற்றுவதானால் முக்கால் உயரத்துக்கு ஊற்றுங்க. மின் இணைப்பு இரண்டையும் தலையிலேயே எடுத்துவிடலாமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். நேர்முனை நடுவில், எதிர்முனை உறையின் தோள்பட்டையில் என்று மெல்லிய கம்பியாலோ லேசரிலோ இணைத்தால் அடிப்பாகம் முழுக்கச் சூட்டுக்கு மிஞ்சும்.

பெட்டி என்பது வெறும் டப்பா இல்லை

பெட்டிக்காக ஒருமுறை குறிச்சி சிட்கோவில் ஒரு டை காஸ்டிங் பட்டறைக்குப் போனோம். வரைபடத்தைக் கையில் வாங்கிய அண்ணா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏந் தம்பி, இதுல தண்ணி உள்ள போகக் கூடாதுங்கற, சுவரை ரெண்டு எம்எம்-ல போட்டிருக்கற. வார்ப்புன்னா உள்ள பொடிப்பொடியா ப்ளோ ஹோல் இருக்குமப்பா. அதுமேல நீ மிசின்ல வேற சீவுற. ஓட்டை வெளிய தெரிஞ்சிரும்" என்றார். நாங்கள் சீல் ரப்பரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தோம். சுவரே கசியும் என்று தோன்றவே இல்லை. வார்ப்பின் மேல்தோல் கெட்டியாக இருக்கும். அதைச் சீவும் இடங்களில்தான் கசிவு. அதனால் சீல் உட்காரும் விளிம்பில் மட்டும் குறைவாகச் சீவி, மற்ற இடத்தைத் தோலோடு விட வேண்டும். எத்தனை பெட்டி செய்தாலும் ஒவ்வொன்றையும் காற்றழுத்தம் வைத்துச் சோதிக்க வேண்டும். கசிகிற வார்ப்பை வெற்றிடத்தில் ரெசின் ஏற்றி அடைக்கிற முறையும் உண்டு. பம்பு வார்ப்பிலும் கம்ப்ரஸர் வார்ப்பிலும் ஊறிய ஊரில் இதைக் கேட்க ஆள் இருக்கிறார்கள். கேட்பதற்கு முன்னாடி டிசைனை முடித்துவிடாதீங்க.

ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம். இதையும் சூட்டையும் சேர்த்து யோசித்தவர்கள் குறைவு. திம்பம் இறங்கி வந்த பெட்டிக்குள் காற்று 60 டிகிரி என்று வையுங்க. ஊருக்குள் மழை, லங்கா கார்னர் பாலத்தடியில் முட்டியளவு தண்ணி, வண்டியை விடுகிறோம். பெட்டி சட்டென்று 25 டிகிரிக்குக் குளிர்கிறது. உள்ளே அழுத்தம் பத்து சதவீதத்துக்கு மேல் விழும். 350 × 220 மில்லிமீட்டர் மூடியின் மேல் வெளிக்காற்று அழுத்தும் விசை சுமார் 80 கிலோ. ஒரு ஆள் மூடிமேல் ஏறி நிற்கிற மாதிரி. தட்டையான மூடி குழியும், சீல் நெளியும், இருக்கிற ஒவ்வொரு பொடி ஓட்டை வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். இதற்காகத்தான் காற்றை விட்டுத் தண்ணீரை விடாத சவ்வு வைத்த சுவாசத் துளை. கூடவே பெரிய அழுத்தத்தில் திறக்கிற தனி வால்வு, செல் வாயுவுக்கு. மூடிக்கு அழகுக்காகப் போடுகிற வரிகள் உண்மையில் இந்த 80 கிலோவுக்காகத்தான்.

அதிர்வைப் பற்றிச் சுருக்கமாக. எட்டு கிலோ செல்லை எட்டு கிலோ சுமையாக மட்டும் பார்க்காதீங்க. ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் வெல்டு போட்ட நிக்கல் பட்டையை ஒருமுறை மடக்குகிறது. செல்லும் ஹோல்டரும் ஒன்றாக அசைந்தால் பட்டைக்கு வேலை இல்லை; செல் ஹோல்டருக்குள் ஆடினால் வெல்டு விட்டுப் போகும். விட்டுப் போன வெல்டின் மின்தடை கூடும், அங்கே சூடு கூடும். கட்டமைப்புக் குறை கடைசியில் வெப்பப் பிரச்சினையாகத்தான் வெளியே தெரியும்.

ஃபார்முலா ஸ்டூடன்ட் விதிகள் இந்த விஷயத்தில் நல்ல பாடப்புத்தகம். பேட்டரியைப் பகுதிகளாகப் பிரிக்கணும்; ஒரு பகுதி 120 வோல்ட், 6 மெகாஜூல், 12 கிலோ தாண்டக் கூடாது. பெட்டி முன்பின்னும் பக்கவாட்டிலும் 40 மடங்கு, மேல்கீழாக 20 மடங்கு புவியீர்ப்பைத் தாங்கணும். 12 கிலோவை 40ஆல் பெருக்கினால் 480 கிலோ; ஒரு சின்ன டப்பாவைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் மேல் ஒரு மாட்டின் எடை. வருஷத்துக்கு வருஷம் விதி மாறும், அந்தந்த வருஷப் புத்தகத்தையே பார்த்துக்கோங்க.

தண்ணீரா, மெழுகா

கார்களில் கிளைக்கால் கலந்த தண்ணீரைத் தட்டுக்குள் ஓட விடுகிறார்கள். 2020ல் வந்த டாடா நெக்ஸான் மின் காரிலும் திரவக் குளிர்விப்புதான். ஸ்கூட்டருக்குப் பம்பு, ரேடியேட்டர், குழாய் எல்லாம் எடையும் விலையும். நம்ம 227 வாட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டு கிலோவாட்-மணி பேக்கில் வேகமான சார்ஜ் கேட்டால் பேச்சு மாறும்.

மெழுகு சுவாரசியமானது. பாரஃபின் உருகும்போது கிலோவுக்குச் சுமார் 200 கிலோஜூலை விழுங்கும். திம்பம் ஏற்றத்தில் மொத்தம் 227 வாட் × 900 வினாடி, அதாவது 204 கிலோஜூல். ஒரே கிலோ மெழுகு முழு மலையையும் குடித்துவிடும்! படித்தவுடன் எனக்கும் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் யோசித்தேன்: உருகிய மெழுகு திரும்ப உறைய வேண்டும். உச்சியில் டீ குடித்துவிட்டு உடனே சார்ஜ் போட்டால் அது உறையவே உறையாது. தவிர, மெழுகு எரியும், சூட்டையும் சரியாகக் கடத்தாது. ஒரு மலைக்கு நல்லது, இரண்டாவது மலைக்கு இல்லை.

சென்சார் எங்கே ஒட்டினீங்க?

எங்க டீமின் முதல் மாடியூலில் நாலு தெர்மிஸ்டர். நாலையும் ஓரச் செல்களில் ஒட்டினோம். காரணம்? வயர் போக அங்கேதான் வசதி. சோதனையில் 46 டிகிரி காட்டியது, எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த நாள் ஜூனியர் ஒருவர் நடுச் செல்லில் ஒரு தெர்மோகப்பிளைச் செருகி அதே சோதனையை ஓட்டினார். 61. பிஎம்எஸ் தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் ரிப்போர்ட்டில் எழுதி வைத்திருந்த எல்லா எண்ணும் ஓரத்தின் எண். அந்தப் பிள்ளை சந்தேகப்படவில்லை என்றால் அப்படியே வண்டியில் ஏற்றியிருப்போம்.

ஃபார்முலா ஸ்டூடன்ட் விதியில் குறைந்தது 30 சதவீதச் செல்களை, பேக் முழுக்கச் சீராகப் பரப்பி அளக்கச் சொல்வதும், 60 டிகிரியோ செல் தயாரிப்பாளர் சொன்ன எல்லையோ எது குறைவோ அதில் நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். இன்னொன்று. ஃபார்முலா பாரத் போட்டி நடப்பது ஜனவரியில், செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில். அப்போது கோவையில் சுகமான வெயில். அங்கே 22 கிலோமீட்டர் எண்டூரன்ஸை 55 டிகிரியில் முடித்த பேக், மே மாதக் கரூரில் எத்தனை டிகிரியில் நிற்கும்? சுற்றுப்புற வித்தியாசத்தை அப்படியே கூட்டிப் பாருங்க. போட்டியில் வென்ற பேக்கை அப்படியே தயாரிப்புக்கு எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டதில்லை.

லித்தியம் இல்லாமல் ஒரு சோதனை

செல் வாங்கக் காசு இல்லை, வாங்கினாலும் பயமாக இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்க. 21 மில்லிமீட்டர் விட்ட அலுமினிய ராடை 70 மில்லிமீட்டராக ஒன்பது துண்டு வெட்டுங்க. உக்கடம் பழைய சாமான் கடைகளில் ராடு கிடைக்கும், கணபதியில் எந்த லேத் பட்டறையிலும் வெட்டித் தருவார்கள். ஒரு துண்டு 65 கிராம் வரும். அதன் வெப்பக் கொள்ளளவு டிகிரிக்கு 59 ஜூல். நிஜச் செல்லின் 70க்குப் பக்கம்தான். தலையில் துளை போட்டு, 68 ஓம், 3 வாட் ரெசிஸ்டரைத் தெர்மல் பேஸ்ட்டோடு இறக்குங்க. ரெசிஸ்டர் கால்கள் ராடைத் தொடாமல் ஸ்லீவ் போட்டுக்கோங்க. 12 வோல்ட் கொடுத்தால் ஒவ்வொன்றும் 2.1 வாட். திம்பம் ஏறுகிற செல் தயார்.

மூணுக்கு மூணாக அடுக்கி, முதலில் பிளாஸ்டிக் ஹோல்டரில் காற்றோடு கால் மணி நேரம் ஓட்டுங்க. நடுத் துண்டிலும் மூலைத் துண்டிலும் தெர்மிஸ்டர். இரண்டாவது முறை அடியில் பேடும் அலுமினியத் தட்டும். மூன்றாவது முறை பேடை எடுத்துவிட்டு ஒரு மில்லிமீட்டர் இடைவெளி மட்டும் விட்டு. கடைசியாக, ஒரே ஒரு துண்டுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, பக்கத்துத் துண்டு எத்தனை வேகமாகச் சூடாகிறது என்று நடுவில் மைக்கா வைத்தும் வைக்காமலும் பாருங்க. அலுமினிய ராடுக்குள் சூடு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஓடும், நிஜச் செல்லில் அப்படி இல்லை. அதனால் செல்லின் உள் சூட்டை இதில் அளக்க முடியாது. மற்ற மூணு கட்டத்தையும் அளக்கலாம். வரைபடத்தைப் போட்டு முடித்ததும் எண்களை எங்களுக்கு அனுப்புங்க, அடுத்த இதழில் போடுகிறோம்.